'தா' எனக் கேட்கும் மொழி

கடல் கடந்து பொருள் தேடும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையே இன்று நேற்றுத் தோன்றியதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து கப்பலேறியோர் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரங்கூனிலும் கடை வைத்தனர், நாணயம் மாற்றினர், பள்ளிவாசல் எழுப்பினர். பினாங்கின் சூலியா தெருவும், சிங்கப்பூர்த் தெலுக்காயர் தெருவில் 1830ஆம் ஆண்டளவில் எழுந்த நாகூர் தர்காவும் அவர்தம் வாழ்வுக்கு இன்றும் சான்று பகர்கின்றன. அம்முன்னோரைப் பற்றி மேடைகளில் நாம் பெருமையுடன் பேசுகிறோம். ஆனால் ஒரு சிறு செய்தியை எவரும் சுட்டுவதில்லை. அவர்கள் கல்லாப்பெட்டிக்கு உட்புறம் அமர்ந்திருந்தவர்கள். வாங்க வருவோனின் மொழி விற்போனுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிடின் அன்றைய அடுப்பு எரியாது. ஆதலின் பினாங்குக் கடைக்காரர் மலாய் பேசினார். இலங்கைக் கடைக்காரர் சிங்களம் பேசினார். பள்ளிக்கூடம் எதுவும் அதை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. கல்லாப்பெட்டியே கற்பித்தது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் செல்லத் தொடங்கிய தலைமுறையின் நிலை வேறு. அவர்கள் கடை வைக்கச் சென்றவரல்லர். கூலிக்கும் சம்பளத்திற்கும் சென்றவர். வங்கி, மருத்துவமனை, தொலைபேசி நிறுவனம், குடிவரவு அலுவலகம், பணம் அனுப்பும் நிலையம் என எங்குச் சென்றாலும் சாளரத்தின் வெளிப்புறத்தில் நிற்பவர்கள். விடுமுறையில் ஊர் திரும்பும்போது, ஜுமுஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து இவர்கள் சொல்லும் குறைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "பத்துமுறை நடந்தேன்", "முகத்தைக்கூடப் பார்க்கவில்லை", "காகிதத்தைத் தூக்கி எறிந்தான்", "புக்ரா, புக்ரா என்றே ஒரு மாதம் ஓட்டிவிட்டான்". புக்ரா என்றால் நாளை. அதனோடு 'இன்ஷா அல்லாஹ்' என்பதும் சேர்ந்துவிட்டால் காரியம் நடவாது என்று பொருள் கொள்ள வேண்டுமென வளைகுடாவில் வாழ்வோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாம் இறையச்சத்தோடு உச்சரிக்கும் ஒரு தொடர், சாளரத்தின் முன் நிற்பவனுக்குத் தட்டிக்கழிக்கும் சொல்லாகக் கேட்கிறது. இவ்வேடிக்கை எனக்கு உவப்பன்று. எனினும் அதன் அடியிலுள்ள மனக்கசப்பு மெய்யானது. அதை நகைத்துத் தள்ளிவிட முடியாது.

அக்கசப்பின் விலையையும் நாம் அறிய வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்க்குக் கிழமைக்கு ஒரு நாளே ஓய்வு. அது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. சவூதி அரேபியாவில் அன்று அரசு அலுவலகங்களும் திறவா. (வியாழன், வெள்ளி என்றிருந்த வார விடுமுறை 2013இல் வெள்ளி, சனி என மாறியபோதும் இத்தொல்லை தீரவில்லை.) ஆகவே அலுவலகம் செல்வோன் ஒரு நாள் வேலையை இழந்தே செல்கிறான். 'நாளை வா' என்ற இரு சொற்கள் அவனுக்கு இன்னொரு நாட்சம்பளம்.

குறை சொல்வோரில் பலர், "அரபிகளே இப்படித்தான்" என்று முடித்துவிடுகின்றனர். இம்முடிபு ஏற்கத்தக்கதன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்வோருள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் அயல்நாட்டவர். சவூதி அரேபியாவின் 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்குள்ள சுமார் 3 கோடியே 22 இலட்சம் மக்களுள் நூற்றுக்கு 42 பேர் அயலார். சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவர் எகிப்தியராகவோ, பிலிப்பைன்ஸ் பெண்ணாகவோ, பாகிஸ்தானியராகவோ, ஏன், நம் அண்டை மாநிலத்து மலையாளியாகவோ இருப்பது வழக்கம். 2011இல் சவூதி அரசு 'நித்தாக்காத்' திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அந்நாட்டு இளைஞரும் பெண்டிரும் முன்னைவிட மிகுதியாக வங்கிகளிலும் கடைகளிலும் பணிக்கு வந்துள்ளனர். அவர்களும் புதிதாக வேலை கற்பவர்களே. தன் வேலை நிலைக்குமோ என்று அஞ்சியிருக்கும் ஓர் அயலான் இன்னோர் அயலானுக்குத் தனக்கு உரியதல்லாத மொழியில் பணி செய்யும் இடம் அது. அங்கே பிறக்கும் சினத்திற்கு ஓர் இனத்தைக் காரணமாக்குவது எளிது, பயனில்லை.

பின் எது காரணம்? என் மைத்துனர் ஒருவர் தம்மாம் நகரில் 19 ஆண்டுகள் மின்பணியாளராக இருந்து திரும்பியவர். ஒருமுறை அவருடைய பண அட்டையை ஏ.டி.எம். இயந்திரம் உள்ளிழுத்துக்கொண்டது. வங்கிக்குச் சென்றார், வங்கியின் பெயர் இங்கு வேண்டா. "கார்டு மாஃபி" என்றார். 'அட்டை இல்லை' என்பது அதன் பொருள். அட்டை தொலைந்துவிட்டதெனக் கொண்ட எழுத்தர், புதிய அட்டைக்கான படிவத்தை நீட்டிக் கட்டணம் கேட்டார். இவர் இயந்திரத்தைச் சுட்டிக் காட்டினார். இயந்திரத்தில் பணமில்லை என்கிறார் போலும் என எழுத்தர் எண்ணி, "புக்ரா" என்றார். இவ்வாறு மூன்று நாட்கள். நான்காம் நாள் தேநீர்க் கடையில் பணிபுரியும் மலையாள நண்பர் ஒருவர் உடன் வந்து, "அஸ்ஸர்ராஃப் ஸஹப் அல்பித்தாக்கா" என்று மூன்று சொல் சொன்னார். இயந்திரம் அட்டையை இழுத்துக்கொண்டது, அவ்வளவே. ஐந்து நிமிடத்தில் அட்டை கைக்கு வந்தது. எழுத்தர் வருத்தமும் தெரிவித்தாராம். "மச்சான், அந்த ஊர்ல நமக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது" என்று என் மைத்துனர் சொன்னபோது ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் நான் சற்றே திடுக்கிட்டேன்.

தமிழில் 'கேள்' என்னும் வினைக்கு இரண்டு பொருள். செவியாற் கேட்பதும் கேட்டலே. வாயால் வினவுவதும் வேண்டுவதும் கேட்டலே. வளைகுடா சென்ற நம்மவருக்கு முதற் கேட்டல் வாய்த்தது; இரண்டாம் கேட்டல் வாய்க்கவில்லை. அங்கே தொழிலாளரும் மேலாளரும் பேசிக்கொள்ளும் கலப்பு அரபு ஒன்று உண்டு. 1990இல் ஸ்மார்ட் என்னும் மொழியியலார் அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட பின்னர்ப் பலரும் அதனை ஆராய்ந்துள்ளனர். ஆண்பால் பெண்பால் வேறுபாடு அதில் தேய்ந்துவிட்டது, வினைத்திரிபுகள் உதிர்ந்துவிட்டன, 'ஃபீ' என்றால் உண்டு, 'மாஃபீ' என்றால் இல்லை, 'சேம் சேம்' என்றால் ஒன்றுபோல, 'சீதா' என்றால் நேராக. மொழி நூலார்க்கு இது சுவையான பொருள். ஆனால் நம்மவர் அதிலிருந்து கொண்டுவந்த சொற்களை உற்று நோக்குங்கள்: ரூஹ், போ, தஆல், வா, ஜீப், கொண்டு வா, ஷீல், தூக்கு, யல்லா, விரைந்து செய். ஏவல் வினைகள்! தம்மை ஏவியோர் வாயிலிருந்து கேட்டுக் கற்ற மொழியாதலின் அதில் ஏவலே மிகுந்துள்ளது. 'இது நேற்று நடந்தது', 'நான் பணம் கட்டிவிட்டேன்', 'இதற்கு எழுத்தில் விடை தாருங்கள்' என்பவற்றைச் சொல்ல அம்மொழி போதாது. ஏவப்படுவோனின் மொழியைக் கொண்டு உரிமையாளன் பேச இயலுமா?

இவ்விடத்தில் தொல்காப்பியர் நினைவுக்கு வருகிறார். சொல்லதிகாரத்து எச்சவியலில் வேண்டுதற்குரிய சொற்கள் மூன்றை அவர் வகுத்துள்ளார். 'ஈ' என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் வேண்டும் சொல். 'தா' என்பது ஒத்தோன் ஒத்தோனிடம் கேட்பது. 'கொடு' என்பது உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் சொல்வது. வகுப்பில் இதனைப் பாடமாக நடத்தித் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாடிக்கையாளன் என்பவன் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பணம் செலுத்திப் பணியைப் பெறுவோன் இரவலன் அல்லன், ஆண்டையும் அல்லன். அவன் 'தா' என்று கேட்க வேண்டியவன். நம்மவர் அயல்நாட்டுச் சாளரத்தில் 'ஈ' என்று கைகூப்பி நிற்கின்றனர். காரியம் நடவாவிடின் திடீரெனச் சினந்து 'கொடு' என்று கத்துகின்றனர். இரண்டும் பலிப்பதில்லை. நடுவிலுள்ள 'தா' அவர்களிடம் இல்லை. அரபு மொழியிலும் இதற்கு நயமான வழிகள் உண்டு. 'லவ் ஸமஹ்த்' என்றால் நீங்கள் இசைந்தால்; 'மும்கின்' என்றால் இயலுமா? முதலில் ஸலாம், பின் நலம் உசாவல், அதன் பின்னரே காரியம் என்பது அம்மக்களின் பண்பாடு. வரிசையில் வந்ததும் வராததுமாகப் படிவத்தைச் சாளரத்திற்குள் திணிப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுவதில் வியப்பில்லை.

பெயர்ச் சிக்கல் ஒரு தனிக் கதை. நமக்கு முன்னெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டுப் படிவமோ இயற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுகிறோம். விளைவு, மருத்துவமனையில் செவிலி வந்து "அப்துல் காதர்" என்று அழைக்கும்போது மகன் வாளாவிருக்கிறான்; அப்துல் காதர் ஊரில் அடக்கமாகிப் பத்தாண்டுகள் ஆயின. முஹ்யித்தீன் என்னும் அரபுப் பெயரை நாம் மைதீன், மொய்தீன், முகைதீன் என்று நம் நாவுக்கேற்ப ஆக்கிக்கொண்டு, ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு வகையாக எழுதுகிறோம். அதைப் பார்த்து மீண்டும் அரபு எழுத்தில் பெயர்க்கும் எழுத்தர், அது தம் மொழிப் பெயரே என்று உணர்வதில்லை. ஏதோ ஓர் இந்தியப் பெயர் என எழுத்துக் கூட்டி எழுதிவிடுகிறார். வங்கியில் ஒன்று, குடியிருப்பு அட்டையில் ஒன்று எனப் பெயர் இரண்டாகிறது, பணம் நின்றுவிடுகிறது. மாற்றுச் சமயத்து நண்பர்களின் துன்பம் இதனினும் மிகுதி. அரபு நெடுங்கணக்கில் பகரம் இல்லை, சகரமும் இல்லை. பழனி 'பலானி' ஆவார், அதுவும் மெலிந்த பகரத்தில். தமிழ்ச்செல்வனின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையோரை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் மறுபக்கத்தில் இருந்தால் போதும் எனப் பின்னர் விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் விமான நிலையங்களில் கலங்கி நின்றோருள் ஒற்றைப் பெயரே மரபாகக் கொண்ட நம் மாநிலத்தாரும் இருந்திருப்பர் என்பதை எவரும் உய்த்துணரலாம்.

இங்கே ஒரு முரணை நாம் துணிந்து பேச வேண்டும். ஐந்து வயதில் மக்தபில் அமர்ந்து அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் நாம். பிழையின்றி ஓதுவதற்கு உச்சரிப்பு இலக்கணம் கற்கிறோம். அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டித் தமிழின் பகரத்தையும் சகரத்தையும் ழகரத்தையும் எழுதிக் காட்டிய அரபுத்தமிழ் மரபு நம்முடையது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் நூல்கள் யாத்தனர். இத்தனையும் உடைய ஒருவன் ரியாத் நகரில் கடைப் பலகையைத் தடையின்றி வாசிக்கிறான். என்ன கடை என்று மட்டும் தெரிவதில்லை! எழுத்து உண்டு, பொருள் இல்லை. ஓதுதல் வணக்கத்திற்கு, அதன் மாண்பு வேறு, அதைக் குறைத்துச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் அந்த எழுத்தறிவு என்னும் படியில் ஏறி நின்றுகொண்டு, அடுத்த படியில் கால் வையாதிருப்பது ஏன் என்பதே என் வினா.

சொற்களும் நம்மிடம் இல்லாமலில்லை. தாலுகா அலுவலகத்துத் தமிழ் பாரசீகம், உருது வழியாக வந்த அரபுச் சொற்களால் நிரம்பியது. அசல், பாக்கி, ஆஜர், வக்கீல், வசூல், தாக்கல், மகஜர், வகையறா, நகல், மாமூல் எல்லாம் அவ்வழி வந்தவை. கடையில் மீதிச் சில்லறைக்கு அரபியரும் 'பாக்கி' என்றே சொல்வர். நம் நீதிமன்றத்தில் 'ஆஜர்' ஆகிறோமே, அதன் மூலமாகிய 'ஹாளிர்' என்னும் சொல்லைத்தான், ஏதேனும் கேட்டால் 'ஆகட்டும், இதோ' என்ற பொருளில் அங்குள்ள கடைக்காரர் சொல்கிறார். சில சொற்கள் ஏமாற்றவும் செய்யும். நமக்கு நகல் என்றால் படி. அங்கே 'நக்ல்' என்றால் மாற்றம், 'நக்ல் கஃபாலா' என்பது வேலை தருவோரை மாற்றிக்கொள்ளல். நமக்கு வக்கீல் வழக்குரைஞர், அங்கே முகவர். 'மாமூல்' கேட்டால் பேரீச்சம்பழம் பொதிந்த மாப்பண்டம் கிடைக்கும். அவ்வகையில் அவர்கள் நம்மினும் மேல்! என் மைத்துனரைக் காத்த அந்த 'ஸர்ராஃப்' என்ற சொல்லும் நமக்கு அயலானதன்று. நாணயம் நோக்குவோரையும் மாற்றுவோரையும் முன்னாளில் 'சராபு' என்றோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் செய்த தொழில் அது. அந்தச் சராபு இன்று தம்மாம் நகரில் இயந்திரமாகி நின்று நம் அட்டையை விழுங்குகிறார். நமக்கு அவர் பெயர் தெரியவில்லை.

மொழி மட்டும் இருந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம் என்னும் வாய்ப்பே வாடிக்கையாளனின் வலிமை. வேலை தருவோரின் பொறுப்பில் தங்கியிருக்கும் 'கஃபாலா' முறையில் அவ்வலிமை குன்றிப்போயிற்று. கத்தாரில் 2020இலும், சவூதியில் 2021 மார்ச்சிலும் நிபந்தனைகளுடன் வேலை மாறுவதற்கு வழி திறக்கப்பட்டது, அது வரவேற்கத்தக்கது. எனினும் திறந்த வழியில் நடப்பதற்கும் விண்ணப்பம் எழுத வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும். அமீரகம் 2016 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்தை அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மூன்றாம் மொழியிலும் தர ஏற்பாடு செய்தது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. மகிழ்ச்சிக்குரிய இச்செய்தியை எத்தனை பேர் அறிவோம்? தமிழ்ப் படியைக் கேட்டுப் பெறும் உரிமை தமக்கு உண்டென்று தெரியாமலே கையொப்பமிடுவோர் உள்ளனர். இன்னொன்றும் அறிய வேண்டும்: வாசகத்தில் வேறுபாடு நேர்ந்தால் அரபு வாசகமே செல்லும்.

அரபு வாசகத்தை எழுதித் தருவதற்கென்றே அங்கு 'டைப்பிங் சென்டர்' என்னும் கடைகள் உள்ளன. நம் ஊர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் மரத்தடியில் மேசையிட்டு மனு எழுதுவோர் அமர்ந்திருப்பார்களே, அதன் குளிரூட்டிய வடிவம் எனலாம். கட்டணம் கொடுத்தால் எழுதித் தருவர். என்ன எழுதினார்கள் என்பது எழுதியவருக்கும் இறைவனுக்குமே வெளிச்சம். இப்போது சவூதியில் 'அப்ஷர்' போன்ற செயலிகள் வந்து அலுவலக வரிசைகள் பெரிதும் குறைந்துவிட்டன. ஆனால் படிக்கத் தெரியாதவன் தன் மறைசொல்லையே அறைத்தோழனிடம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருக்கிறான். முன்பு காகிதம் பிறர் கையில் இருந்தது. இப்போது அவன் கணக்கே பிறர் கையில்.

செல்பேசியே இன்று மொழிபெயர்க்கும், பிறகு மொழிப் பயிற்சி எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். வழி கேட்கவும் விலை கேட்கவும் அது போதும். சம்பளம் ஐந்து மாதம் நின்றுபோனவன் தொழிலாளர் அலுவலகத்தில் தன் வழக்கைச் சொல்ல அது போதாது. ஏனெனில் பலருக்குத் தம் குறையைத் தம் தாய்மொழியிலேயே முறைப்படச் சொல்லத் தெரிவதில்லை. எந்நாளில் சேர்ந்தேன், எவ்வளவு பேசினர், எம்மாதம் முதல் தரவில்லை, யாரிடம் சொன்னேன், என்ன சான்று உள்ளது என்னும் வரிசை வேண்டும். தமிழில் இல்லாத வரிசையை எந்த இயந்திரமும் அரபில் கொண்டுவந்து தராது.

இது தமிழ்த்துறையின் வேலை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நடத்தும்போது கண்ணகியின் கற்பையும் சினத்தையும் விரித்துரைக்கிறோம். அவள் ஓர் அயல்நாட்டாள் என்பதை நினைக்கிறோமா? சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் பிழைக்க வந்தவள். வாயிலோன் வழி அனுமதி பெற்று உட்சென்று, தன் ஊர் இது, தன் கணவன் இன்னான், நேர்ந்த தீங்கு இது, தன் பெயர் இது என்று முறையாகச் சொல்லுகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பிலோ முத்து. உடைத்துக் காட்டிச் சான்று நாட்டுகிறாள். முறையீட்டுக்கு வேண்டிய உறுப்பு ஒன்றும் குறையவில்லை. கோவலனுக்கோ அரசன் முன் பேசும் வாய்ப்பே கிட்டவில்லை. பொற்கொல்லன் சொன்னதே அவனைப் பற்றிய இறுதிச் சொல்லாயிற்று. அயலூரில் பேச இடமற்றவனுக்கு என்ன நேரும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஆனால் நம் பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் கடிதப் பயிற்சி என்றால் இன்னமும் குடிநீர்க் குழாய் வேண்டி நகராட்சி ஆணையருக்கு எழுதும் மடல்தான். அதுவும் வேண்டும். அதனோடு, நிறுத்தப்பட்ட சம்பளம் பற்றி இந்தியத் தூதரகத்திற்கு ஒரு மடல், தவறாகப் பிடித்த தொகை பற்றி வங்கிக்கு ஒரு மடல், முடிந்த ஒப்பந்தம் பற்றி நிறுவனத்திற்கு ஒரு மடல் என மூன்றை ஏன் சேர்க்கலாகாது? குறைகளைத் தூதரகங்களுக்குத் தெரிவிக்க 'மதத்' என்னும் இணையதளத்தை இந்திய அரசு 2015இல் தொடங்கியது. அதில் தமிழன் எழுதும் முதற் பத்தியிலேயே செய்தி விளங்க வேண்டுமல்லவா? அரபுத்துறை உள்ள கல்லூரிகளில் இரு துறைகளும் கைகோத்து, வெளிநாடு செல்ல இருப்போர்க்கு மாலை வேளைகளில் 40 மணி நேரப் பேச்சரபுப் பயிற்சி நடத்தலாம். கல்லூரி மாணவர்க்கு மட்டுமன்று. ஊரிலுள்ள கொத்தனார், ஓட்டுநர், சமையற்காரர் எவரும், எச்சமயத்தவரும், வந்து அமரலாம். ஷக்வா என்றால் முறையீடு, ரக்ம் என்றால் எண், ஈஸால் என்றால் பற்றுச்சீட்டு. முறையீட்டு எண்ணையும் பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறாமல் சாளரத்தை விட்டு நகரலாகாது என்பதை முதல் நாளே கற்பிக்க வேண்டும். 2018இல் இந்திய அரசு ஏற்படுத்திய, புறப்படுமுன் தரும் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடுவது. கேரளம் 1996லேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென அரசில் தனித்துறை கண்டது. வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் நம் மாநிலத்தில் 2011இல்தான் வந்தது. தேநீர்க் கடை மலையாளியின் மூன்று சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு முன்னேற்பாடு உள்ளது என்பதை இதிலிருந்தும் ஓரளவு உணரலாம். ஜமாஅத்துப் பெரியவர்கள் திருமண மண்டபத்திற்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினால் இடமும் ஆசிரியரும் கிடைப்பது அரிதன்று.

இடையில் ஒன்று. திருப்பூரிலும் சென்னையிலும், நம் சிற்றூர்களிலுங்கூட, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் இன்று நம் வங்கிச் சாளரங்களில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்து நிற்கின்றனர். சென்ற மாதம் ஒரு வங்கியில், அவ்வாறு நின்ற ஒருவரை "நாளைக்கு வா" என்று அனுப்பியதைக் கண்டேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், வளைகுடாவில் இருந்து திரும்பியவர், உடைந்த உருதுவில் பேசி அவருடைய படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அவர் அந்த உருதுவைக் கற்றதும் ஜித்தாவின் ஒரு சாளரத்தின் முன் நின்றுதானாம்.

பயிற்சி தொடங்கும் வரை காத்திராமல் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒவ்வோராண்டும் சேர்க்கைக் காலத்தில் மாணவர் கொண்டுவரும் பிறப்புச் சான்று, ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தமைப்பில் உள்ளதா என்பதைத் துறை ஆசிரியர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அரபுப் பெயராயின் அதன் மூல வடிவத்தை அரபுப் பேராசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். திருத்தம் வேண்டுமாயின் அதற்குரிய விண்ணப்பத்தை அம்மாணவரே தமிழில், தம் கைப்பட எழுதட்டும்.